கடலாமை கரையேறும் காலம்: குவாசூலு-நேட்டால் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மெரிபேங்க் பகுதிகளிலிருந்து வடக்கே செயின்ட் லூசியாவுக்கும் சோட்வானா குடாவுக்கும் புறப்படும் குடும்பங்களில், கடலாமை முட்டையிடுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசை பலருக்கு உண்டு. அந்த ஆசை நல்ல ஆசை. ஆனால் ஆமையைப் பார்க்கச் செல்லும் இரவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதோடு இந்த வழிகாட்டி நின்றுவிடாது. முட்டையிடும் கரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காவலில் இருக்கிறது. இன்றைக்கு ஆமைகள் பெரிதும் மடிவது கடலில்தான். அந்தக் கடலில் நம்முடைய தூண்டிலும் வலையும் குப்பையும் கலந்திருக்கின்றன. ஆகவே வடக்கே செல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் படி: வரும் ஆமைகளையும் வரும் காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்கக் கடலில் ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. அவற்றில் பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை ஆகிய மூன்றும் பெரும்பாலும் இரை தேடி வருபவை. இக்கரையில் ஆண்டுதோறும் தவறாமல் ஏறி முட்டையிடுபவை இரண்டு: லாகர்ஹெட் எனப்படும் பெருந்தலை ஆமை, லெதர்பேக் எனப்படும் ஏழுவரி ஆமை. பெருந்தலை ஆமை ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ளது. நண்டு, சிப்பி போன்றவற்றை உடைத்துத் தின்பதற்கேற்ற வலிய தாடை உடையது. ஏழுவரி ஆமை உலகிலுள்ள ஆமைகளிலேயே பெரியது. அதன் முதுகில் கெட்டியான ஓட்டுத் தகடுகள் கிடையாது. கருந்தோல் போர்த்த முதுகின் மேல் ஏழு நீள வரிகள் ஓடும். சொறிமீன்களே அதன் முதன்மை உணவு. அவற்றைத் தேடி ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கக்கூடியது அது.

இவ்விரண்டும் கரையேறும் இடம் ஐசிமாங்கலிசோ சதுப்புநிலப் பூங்காவின் கடற்கரை. அதிலும் மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி குடா, பங்கா நெக் பகுதிகளில் ஆமைகள் அதிகம். 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இப்பூங்காவை முன்பு பெரிய செயின்ட் லூசியா சதுப்புநிலப் பூங்கா என்று அழைத்தார்கள். அக்டோபர் பிற்பகுதியில் முதல் ஆமைகள் ஏறத் தொடங்கும். நவம்பர், டிசம்பர் மாதங்கள் முட்டையிடுதலின் உச்சம். ஜனவரி முதல் மார்ச் வரை குஞ்சுகள் வெளிவரும். தாய் ஆமையைப் பார்க்க விரும்புபவர் தீபாவளிக்குப் பின் கிறிஸ்துமஸ் வரையுள்ள வாரங்களையும், குஞ்சுகளைப் பார்க்க விரும்புபவர் தைப்பூசக் காவடியை ஒட்டிய வாரங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டையும் ஒரே பயணத்தில் காண ஜனவரி நடுப்பகுதியில் வாய்ப்புண்டு, ஆனால் உறுதியில்லை.

இரண்டாம் படி: உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே செல்லுங்கள்

இரவில் தாமாகவே கரையில் இறங்கி ஆமை தேடுவது கூடாது. பூங்கா நிர்வாகம் பருவந்தோறும் சில வழிகாட்டிகளுக்கு உரிமம் தருகிறது. இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், செப்டம்பரிலேயே விசாரித்து, உரிமம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டு முன்பதிவு செய்யுங்கள். டர்பனிலிருந்து செயின்ட் லூசியா சாலை வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். கோசி குடாவின் மணற்பாதைகளுக்கு நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி வேண்டும். செயின்ட் லூசியா ஊருக்குள்ளேயே இரவில் நீர்யானைகள் உலவும் என்பதால், தங்குமிடத்திலிருந்து இருட்டில் நடந்து செல்லக் கூடாது. குழந்தைகளுடன் செல்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வடக்கே எல்லைப் பகுதிக்குப் போகிறவர்கள் மலேரியா பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்த வண்டியைக் கடற்கரையில் ஓட்டிச் செல்வது சட்டப்படி குற்றம். 2001 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் பொழுதுபோக்காக வண்டி ஓட்டுவதைத் தடை செய்தன. மீன்பிடிக்கும் நம்மவர்களில் பலர் அன்று அதனால் வருத்தப்பட்டார்கள். எனினும் ஆமையின் நிலையிலிருந்து பார்த்தால் அந்தத் தடை மிகவும் நியாயமானது. சக்கரம் மணலை இறுக்கினால் கீழே இருக்கும் முட்டைகளுக்குக் காற்று போகாது. சக்கரத் தடத்தின் பள்ளத்தில் விழும் குஞ்சு அதன் சுவரைத் தாண்டி ஏற முடியாமல், பள்ளத்தின் வழியிலேயே நெடுந்தூரம் அலைந்து, கடைசியில் நண்டுக்கோ பறவைக்கோ இரையாகும்.

மூன்றாம் படி: முட்டையிடும் இரவில் பொறுமையாக இருங்கள்

தாய் ஆமை அலைவிளிம்பைத் தாண்டியவுடன் சற்றே நின்று கரையைக் கவனிக்கும். அந்தக் கணத்தில் ஒரு கைவிளக்கு மின்னினாலும் ஓர் ஆள் எழுந்து நடந்தாலும் அது அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விடக்கூடும். எனவே வழிகாட்டி சொல்லும் வரை உட்கார்ந்தே இருங்கள். கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள். ஒளிப்பட மின்னொளி அறவே கூடாது. வெளிச்சம் வேண்டுமானால் மங்கிய சிவப்பு விளக்கை வழிகாட்டியே பயன்படுத்துவார். சிவப்பு ஒளி ஆமையின் கண்ணை மற்ற ஒளிகளைவிடக் குறைவாகவே உறுத்தும்.

மணலில் பதிந்த தடத்தைப் பார்த்தே வந்தது எந்த ஆமை என்று சொல்லிவிடலாம். பெருந்தலை ஆமை இடமும் வலமும் மாறி மாறித் துடுப்பை ஊன்றுவதால் அதன் தடத்தில் இருபுறக் குறிகளும் ஒன்றையொன்று விட்டு விட்டு விழுந்திருக்கும். ஏழுவரி ஆமை இரு முன்துடுப்புகளையும் ஒருசேர வீசித் தன் பெரும் உடலை இழுத்து வருவதால், ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்தில் இருபுறமும் ஒத்த குறிகள் இருக்கும். நடுவில் வால் இழுபட்ட கோடும் தெரியும்.

உயர் அலைக்கோட்டுக்கு மேலே, அடும்புக் கொடி படரத் தொடங்கும் மணல்மேட்டின் அடிவாரம் வரை வந்து ஆமை இடம் தேர்கிறது. முதலில் முன்துடுப்புகளால் மேல்மணலை வாரி எறிந்து தன் உடல் அமரும் அளவுக்குப் பள்ளம் செய்யும். அடுத்து வரும் வேலைதான் நெருக்கமாகக் காணத் தக்கது. பின்துடுப்புகளில் ஒன்று வளைந்து உள்ளே இறங்கி, ஒரு கைப்பிடி ஈரமணலை அள்ளி மேலே கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். உடனே மற்றத் துடுப்பு தன் முறைக்கு உள்ளே இறங்கும். எதையும் திரும்பிப் பாராமல், தொடுவுணர்வை மட்டும் கொண்டு, வாய் குறுகி அடி அகன்ற ஒரு குழியை அது தோண்டி முடிக்கிறது. பெருந்தலை ஆமையின் குழி அரை மீட்டர் ஆழமும், ஏழுவரி ஆமையின் குழி அதைவிட மிகுந்த ஆழமும் இருக்கும். வேர் தட்டுப்பட்டாலோ மணல் காய்ந்து சரிந்தாலோ, முட்டையிடாமலே வேறிடத்துக்கு நகரும்.

முட்டைகள் விழத் தொடங்கிய பிறகுதான் வழிகாட்டி உங்களைப் பின்புறமாக அருகே அழைப்பார். ஒருமுறை தொடங்கிவிட்டால் ஆமை எளிதில் நிறுத்துவதில்லை. இரண்டும் மூன்றுமாக, வழவழப்பான திரவம் பூசி, டேபிள் டென்னிஸ் பந்தளவு வெண்முட்டைகள் குழிக்குள் விழும். கோழிமுட்டைபோல் ஓடு கெட்டியாக இராமல் மெத்தென்று இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் உடைவதில்லை. பெருந்தலை ஆமை ஒரு முறைக்கு நூறு முட்டை அளவில் இடும். ஏழுவரி ஆமையின் முட்டைகள் அதைவிடப் பெரியவை, கடைசியில் மஞ்சள்கரு இல்லாத சிறு முட்டைகள் சிலவும் விழும். ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிவதைக் கண்டு பெண்கள் பலர் மனம் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடல்நீரால் உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர் அது. கடலிலும் அது வழிந்துகொண்டேதான் இருக்கும்.

முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, உடலால் அழுத்தி, சுற்றிலும் மணலை வாரி இறைத்து, கூடு எங்கே என்று தெரியாதபடி செய்துவிட்டுத் தாய் ஆமை கடலுக்குத் திரும்பும். அதன் பாதையில் நிற்காதீர்கள், தொடாதீர்கள், குழந்தையை அதன் முதுகில் உட்கார வைத்துப் படம் எடுக்கும் எண்ணமே வேண்டாம். அதே பருவத்தில் பெருந்தலை ஆமை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஏழுவரி ஆமை ஒன்பது பத்து நாளுக்கு ஒருமுறையும் திரும்பத் திரும்ப ஏறி முட்டையிடும். பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அது வராது.

நான்காம் படி: மூடிய கூட்டை ஒருபோதும் கிளறாதீர்கள்

முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கரு மேல்நோக்கி நகர்ந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைத் திருப்பினாலோ குலுக்கினாலோ அந்தப் பிடி அறுந்து கரு இறந்துவிடும். வெளியிலிருந்து பார்க்க முட்டை நன்றாகவே இருக்கும். பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் அலை அரிக்கும் இடத்திலிருந்து கூட்டை மாற்றும்போதுகூட, முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்கும்படி வைத்தே மாற்றுகிறார்கள்.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மணல்தான் முட்டைக்குச் சூடு தருகிறது. கடலாமைக்குக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது கருவுறும் நேரத்தில் முடிவாவதில்லை. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே அதை முடிவு செய்கிறது. சுமார் 29 பாகை செல்சியஸ் அளவில் இருபாலும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகளும், குறையக் குறைய ஆண் குஞ்சுகளும் மிகும். 34, 35 பாகையைத் தாண்டி நீடித்தால் முட்டைகளே கெட்டுப்போகும். புவி வெப்பம் உயர்வதால் உலகின் சில கரைகளில் ஏற்கெனவே பெண் குஞ்சுகளே பெரும்பான்மையாகிவிட்டன. நம் கரை உலகிலேயே மிகத் தெற்கே அமைந்த ஏழுவரி ஆமைக் கரைகளில் ஒன்று. சற்றே குளிர்ந்த மணலுள்ள இத்தகைய கரைகளின் மதிப்பு இனி கூடிக்கொண்டே போகும் என்பது என் எண்ணம்.

மணலுக்குள் இருக்கும் இந்த இரண்டு மாதங்களில் தேன்வளைக்கரடி, குள்ளநரி, உடும்பு, நண்டு ஆகியவை கூடுகளைத் தோண்டித் தின்னும். அது இயற்கை. மனிதர் முட்டையை எடுப்பதும், வீட்டு நாய்களை அவிழ்த்துவிடுவதும் அந்தக் கணக்கில் சேராது.

ஐந்தாம் படி: குஞ்சுகள் ஓடும் வழியை விட்டு விலகுங்கள்

பொரித்த குஞ்சுகள் தனித்தனியாக மேலே வருவதில்லை. ஒன்றையொன்று தள்ளி, மேல்மணலைச் சரித்து, ஒன்றாகவே பல நாள் முயன்று மேலேறுகின்றன. மேற்பரப்பு மணல் குளிர்வதை இரவின் அடையாளமாகக் கொண்டு கூட்டமாக வெளிவருகின்றன. வெளிவந்ததும் தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். இருண்ட கரையில் அது கடல்தான். விளக்கெரியும் கட்டடம் இருந்தால் அதை நோக்கி ஓடி விடியலுக்குள் மடியும்.

ஆகவே குஞ்சு தவறான திசையில் போவதைக் கண்டால் கையிலெடுத்துக் கடலில் விடத் தோன்றும், செய்யாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு வழிகாட்டியிடம் சொல்லுங்கள். மணலில் தானே ஓடிச் செல்லும் அந்தச் சிறு தூரம் குஞ்சுக்குத் தேவை. பிறந்த கரையின் காந்தப்புல அடையாளத்தை நினைவில் பதித்துக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து அதே பகுதிக்குத் திரும்புகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடலில் இறங்கியதும் வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள்கருவின் ஆற்றலைக் கொண்டு ஒரு நாள் வரையிலும்கூட இடைவிடாமல் நீந்தி, அகுல்ஹாஸ் நீரோட்டத்தைச் சேர்கிறது. அந்த நீரோட்டம் குஞ்சைத் தெற்கே கொண்டுபோகும் வழியில்தான் டர்பனும் நம்முடைய ஊர்களும் இருக்கின்றன. ஆயிரத்தில் ஒன்றிரண்டே முழு வளர்ச்சி அடையும்.

எத்தனை ஆண்டில் முழு வளர்ச்சி என்ற கேள்விக்கும் இந்தக் கரையே விடை தந்திருக்கிறது. 1970-களிலிருந்து பல்லாண்டுகள் குஞ்சுகளின் ஓட்டு விளிம்பில் சிறு வெட்டுக்குறி இட்டுக் கடலில் விட்டார்கள். அந்தக் குறியோடு தாயாகத் திரும்பி வந்த பெருந்தலை ஆமைகளைக் கொண்டு, அவை முதிர ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று ஒரு முதிர்ந்த ஆமையை இழந்தால், அதன் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: எங்கே இழக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

1963-இல் அன்றைய நேட்டால் பூங்கா வாரியம் இக்கரையில் காவலையும் கணக்கெடுப்பையும் தொடங்கியது. ஜார்ஜ் ஹியூஸ் இந்தப் பணியின் முன்னோடி ஆய்வாளர். உள்ளூர் சோங்கா, சூலு மக்களே இரவிரவாக நடந்து தடங்களை எண்ணுகிறார்கள். முட்டை எடுப்பது பெரிதும் குறைந்ததற்கு அவர்களுக்கே முதல் நன்றி உரியது. இதன் பயனாகப் பெருந்தலை ஆமைகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. ஆனால் அதே கரையில், அதே காவலில் முட்டையிட்ட ஏழுவரி ஆமைகளோ தொடக்கத்தில் சிறிது உயர்ந்து, பிறகு அப்படியே நின்றுவிட்டன. ஒரு பருவத்தில் ஏறும் தாய்கள் நூறுகூட இல்லை. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் ஏழுவரி ஆமைக் கூட்டம் மிக மோசமான அழிவாபத்தில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

கரையில் ஒரே பாதுகாப்பைப் பெற்ற இரண்டில் ஒன்று மட்டும் பெருகியிருக்கிறதென்றால், மற்றதை நிறுத்தி வைத்திருக்கும் காரணத்தைக் கடலில் தேட வேண்டும் என்பதே பொருத்தமான முடிவு. சூரைக்கும் வாள்மீனுக்கும் போடப்படும் பல கிலோமீட்டர் நீளத் தூண்டில் வரிசைகளில் ஏழுவரி ஆமைகள் சிக்கிக்கொள்கின்றன. பெருந்தலை ஆமைகள் இரையை விழுங்கிக் கொக்கியோடு மாட்டுகின்றன. இறால் இழுவலைகளும் செவுள்வலைகளும் மூச்சுவிட மேலே வர முடியாதபடி ஆமையை மூழ்கடிக்கின்றன. டர்பனில் 1952 முதல் குளிப்பவர்களைக் காக்கப் போடப்படும் சுறாவலைகளிலும் ஆமைகள் சிக்குகின்றன. உயிரோடு இருப்பவற்றை, வலைகளைப் பராமரிக்கும் சுறா வாரியத்தினர் விடுவிக்கிறார்கள். சில இடங்களில் வலைக்குப் பதிலாக மிதவைத் தூண்டில்களை அமைத்த பிறகு சிக்குவது குறைந்திருக்கிறது. ஐசிமாங்கலிசோவிலும் துகேலா மேட்டிலும் 2019-இல் அறிவிக்கப்பட்ட கடற்காப்புப் பகுதிகள் நல்ல தொடக்கம். ஆனால் நீந்தித் திரியும் ஆமைக்கு எந்த எல்லையும் கிடையாது. கேப் டவுனின் டூ ஓஷன்ஸ் காட்சியகம் 2017 டிசம்பரில் விடுவித்த யோஷி என்ற பெருந்தலை ஆமை, செயற்கைக்கோள் கருவியோடு ஆஸ்திரேலியக் கரை வரை நீந்திச் சென்றது.

ஏழாம் படி: நம் கரையில் செய்ய வேண்டியவை

டர்பன் குடாவின் சால்ஸ்பரி தீவில் வலைபோட்ட ஒப்பந்தத் தொழிலாளர் காலத்திலிருந்து கடலோடு நமக்கு உறவு உண்டு. இன்றும் கடற்கரைத் தூண்டிலில் நம்மவர்கள் நிறைய. உங்கள் தூண்டிலில் ஆமை மாட்டினால் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தளர்த்தி, மெல்லக் கரைக்குக் கொண்டுவந்து, ஓட்டைப் பிடித்துத் தாங்குங்கள். கொக்கி வெளியே தெரிந்து எளிதில் கழன்றால் மட்டும் கழற்றுங்கள். விழுங்கிவிட்டிருந்தால் பிடுங்கக் கூடாது. மீட்பவர்கள் வர முடியுமானால் ஒரு முழ நரம்பு வெளியே இருக்கும்படி வெட்டி, ஆமையை நிழலில் வைத்து, டர்பனிலுள்ள உஷாகா கடலுலகம் என்னும் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வர வழியே இல்லையென்றால் கொக்கிக்கு மிக அருகில் நரம்பை வெட்டிவிட்டு விடுவியுங்கள். தொங்கும் நரம்புதான் பின்னாளில் துடுப்பை அறுக்கும். அறுந்த நரம்புத் துண்டுகளைப் பாறையிடுக்கில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

உம்கேனி முகத்துவாரத்தில் அஸ்தி கரைக்கவும், பூசைக் கும்பத்தை நீரில் விடவும் செல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூவும் இலையும் கரைந்துவிடும். அவற்றைக் கொண்டுவந்த பிளாஸ்டிக் பை, கற்பூர உறை, நைலான் கயிறு, தெர்மாகோல் தட்டு ஆகியவை கரையாது. மிதக்கும் பையை ஏழுவரி ஆமை சொறிமீன் என்று விழுங்குகிறது. குஞ்சுகளோ நீரோட்டத்தில் மிதப்பவற்றை எல்லாம் கொத்திப் பார்க்கும். கேப் கரையில் இறந்து ஒதுங்கிய குஞ்சுகளின் குடலில் பிளாஸ்டிக் துணுக்குகள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 2017 அக்டோபர் 10 புயலில் டர்பன் துறைமுகத்தில் விழுந்த பெட்டகங்களிலிருந்து 49 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. அந்தப் பேரிழப்பை நம்மால் தடுத்திருக்க முடியாது. நாம் கொண்டுபோகும் பையைத் திருப்பிக் கொண்டுவர முடியும்.

எட்டாம் படி: ஒதுங்கிய குஞ்சைக் கண்டால்

கூடுகள் உள்ள வடகரையில் ஓடும் குஞ்சு ஆரோக்கியமானது. அதைத் தொடக் கூடாது. பிப்ரவரி முதல் குளிர்கால மாதங்கள் வரை டர்பனிலோ அதற்குத் தெற்கேயோ, கேப் கரையிலோ மணலில் அசையாமல் கிடக்கும் சிறு ஆமை வேறு நிலையில் இருக்கிறது. நீரோட்டம் குளிர்ந்த நீரில் தள்ளியதால் உடல் விறைத்து, சோர்ந்து ஒதுங்கியது அது. அதைக் கடலில் திருப்பி விட்டால் இறந்துவிடும். நீருள்ள வாளியிலும் போடக் கூடாது. நீந்த வலுவின்றி மூழ்கிவிடும். காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் உலர்ந்த துணி விரித்து வையுங்கள், வெந்நீர்ப் புட்டியோ ஹீட்டரோ வைத்துத் திடீரென்று சூடேற்றாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள். கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, டர்பனில் உஷாகாவுக்கும் கேப்பில் டூ ஓஷன்ஸ் காட்சியகத்துக்கும் உடனே தெரிவியுங்கள். அசைவில்லை என்பதால் இறந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். விறைத்த குஞ்சு பல மணி நேரம் கழித்தும் பிழைப்பதுண்டு.

பெரிய ஆமை இறந்து ஒதுங்கியிருந்தாலும் தகவல் பயனுள்ளதே. ஓட்டின் நீளத்தைத் தோராயமாக அளந்து, தலை, ஓடு, துடுப்பு மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். துடுப்பில் உலோக வில்லை பொருத்தியிருந்தால், அதைக் கழற்றாமல், அதிலுள்ள எழுத்துகளையும் எண்ணையும் இருபுறமும் பார்த்து எழுதி, இடம், தேதியோடு அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.